பனிச்சறுக்குக்கு எந்த சாக்ஸ்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆயிரம் யோசனை செய்து பூட்ஸ் வாங்குபவர்கள்கூட, சாக்ஸ் விஷயத்தில் அலமாரியில் கிடப்பதை எடுத்து மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். காலுக்கும் பூட்ஸுக்கும் நடுவில் இருப்பது அந்த ஒரு துணிதான். கால் சில்லிடுவது, மரத்துப்போவது, கொப்புளம், கணைக்கால் வலி என்று எல்லாப் புகாரிலும் அதற்கு ஒரு பங்கு உண்டு. கீழே உள்ள பதில்கள் மலைச்சரிவில் இறங்கும் வழக்கமான பனிச்சறுக்கை, அதாவது கெட்டியான பிளாஸ்டிக் பூட்ஸை, மனதில் வைத்து எழுதப்பட்டவை. மற்ற வகைகள் பற்றித் தனியாக ஒரு கேள்வி இருக்கிறது.

குளிர் கடுமையாக இருக்குமே, தடிமனான சாக்ஸ்தானே நல்லது?

இல்லை. அதிகம் பேர் செய்யும் தவறு இதுதான்.

துணி நேரடியாகச் சூடு தருவதில்லை. இழைகளுக்கு இடையே சிக்கியிருக்கும் காற்றுதான் சூட்டைப் பிடித்து வைக்கிறது. வீட்டில் செருப்புக்குள் போடும் தடித்த சாக்ஸில் அந்தக் காற்றுக்கு இடம் இருக்கிறது. பனிச்சறுக்கு பூட்ஸின் வெளி ஓடு விரிந்து கொடுக்காது. தடித்த சாக்ஸை அதற்குள் திணித்து பக்கிளை இறுக்கினால் காற்று பிதுங்கி வெளியேறிவிடும். மிஞ்சுவது நசுங்கிய துணி மட்டும்.

அதைவிடப் பெரிய நஷ்டம் ரத்த ஓட்டத்தில். விரல்களுக்குச் சூட்டைக் கொண்டுபோவது ரத்தம். அதைக் கொண்டுசெல்லும் தமனிகளில் ஒன்று புறங்காலின் மேட்டில், தோலுக்கு மிக அருகில் ஓடுகிறது. புறங்காலில் விரல் வைத்தால் நாடித் துடிப்பே தெரியும். நடு பக்கிள் அழுத்துவதும் அதே இடத்தைத்தான். பூட்ஸுக்குள் இடம் குறையக் குறைய அந்த அழுத்தம் கூடும், விரல்களுக்கு வரும் ரத்தம் குறையும். மெல்லிய சாக்ஸ் போட்டவரின் கால் கதகதப்பாக இருக்க, தடித்த சாக்ஸ் போட்டவரின் விரல் விறைத்துப்போவது இதனால்தான்.

அப்படியானால் எவ்வளவு மெல்லியதாக இருக்க வேண்டும்?

பனிச்சறுக்கு சாக்ஸ் பொதுவாக மூன்று கனங்களில் வரும்: மிக மெல்லியது, மெல்லியது, நடுத்தரம். பூட்ஸ் காலோடு கச்சிதமாக ஒட்டி நின்றால் மிக மெல்லியது. பெரும்பாலோருக்கு மெல்லியது போதும். பூட்ஸ் சற்று தாராளமாக இருந்தால், அல்லது கால் ஒடிசலாக இருந்தால், நடுத்தரம். அதற்கு மேல் கனமான எதுவும் இந்த பூட்ஸுக்கு ஏற்றதல்ல.

பூட்ஸில் எவ்வளவு இடம் இருக்கிறது என்று பார்க்க, லைனர் எனப்படும் உள்ளுறையை உருவி எடுத்துவிட்டு, வெளி ஓட்டுக்குள் வெறுங்காலை விடுங்கள். விரல் நுனி முன்சுவரை லேசாகத் தொடும்படி காலை முன்னே தள்ளிவிட்டு, குதிகாலுக்குப் பின்னால் உள்ள இடைவெளியைக் கவனியுங்கள். ஒரு விரல் கனம் முதல் ஒன்றரை விரல் கனம் வரை, அதாவது சுமார் 1 முதல் 2 சென்டிமீட்டர், இருந்தால் அளவு சரி. மெல்லிய சாக்ஸ் வாங்குங்கள். மூன்று விரல் தாராளமாக நுழைகிறது என்றால் பூட்ஸே பெரிது. அந்தக் குறையை எந்த சாக்ஸும் தீர்க்காது.

இரண்டு ஜோடி போட்டுக்கொள்ளலாமா?

வேண்டவே வேண்டாம். ஒன்றின் மேல் ஒன்று நழுவும், நழுவினால் மடிப்பு விழும், அந்த மடிப்பை நாள் முழுக்க பிளாஸ்டிக் ஓடு காலில் அழுத்திக்கொண்டே இருக்கும். குதிகாலும் தன் குழியில் உட்காராமல் மேலெழும்பும். திரும்பும்போது பனிப்பலகை உங்கள் பேச்சைக் கேட்காததுபோல் தோன்றுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

மலையேற்றத்துக்கு மெல்லிய உள் சாக்ஸும் தடித்த வெளி சாக்ஸும் போடும் பழக்கத்திலிருந்து இந்த யோசனை வருகிறது. அங்கே பூட்ஸ் வளைந்து கொடுக்கும். இங்கே கொடுக்காது.

பருத்தி சாக்ஸ் ஏன் கூடாது? கம்பளியும்தானே ஈரத்தை உறிஞ்சுகிறது?

நியாயமான கேள்வி. சாதாரண அறைச் சூழலில் கம்பளி தன் எடையில் ஏறக்குறைய 16 சதவீதம் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். பருத்தி 8, நைலான் 4, பாலியெஸ்டர் அரை சதவீதத்துக்கும் கீழே. கணக்குப்படி பருத்தியைவிடக் கம்பளிதான் அதிகம் உறிஞ்சுகிறது. காற்று முழு ஈரமாக இருந்தால் கம்பளி தன் எடையில் மூன்றில் ஒரு பங்குவரை வாங்கிக்கொள்ளும்.

வித்தியாசம் அளவில் இல்லை, நடத்தையில் இருக்கிறது. கம்பளி வியர்வையை ஆவியாக இருக்கும்போதே இழைக்கு உள்ளே இழுத்துக்கொள்கிறது. இழையின் வெளிப்புறம் நீரை ஒட்டவிடாத தன்மை கொண்டது. அதனால் தோலுக்கு ஈரம் தெரிவதில்லை. இழைகளின் இயற்கையான சுருள் நனைந்த பிறகும் பெரும்பாலும் நிற்பதால் காற்றறைகள் தப்பிக்கின்றன. பருத்தி அப்படியல்ல. இழைகளுக்கு இடையில் நீர் நீராகவே தங்குகிறது, துணி துவண்டு தோலில் அப்பிக்கொள்கிறது. காற்றைவிட நீர் இருபது மடங்குக்கும் மேல் வேகமாகச் சூட்டைக் கடத்தும். பாதங்கள் உடலிலேயே வியர்வைச் சுரப்பிகள் மிக நெருக்கமாக உள்ள இடங்களில் சேர்ந்தவை, குளிரிலும் வியர்க்கும். மலைமேல் ஏற்றிச்செல்லும் ஏறுபொறியில் பத்து நிமிடம் அசையாமல் உட்காரும்போது அந்த ஈரப் பருத்தி தன் வேலையைக் காட்டும்.

லேபிளில் என்ன விகிதம் தேட வேண்டும்?

மெரினோ கம்பளி (மெரினோ ஆடுகளின் மெல்லிய கம்பளி) 40 முதல் 65 சதவீதம், நைலான் 30 முதல் 50 சதவீதம், எலாஸ்டேன் எனும் இழுபடும் இழை 2 முதல் 5 சதவீதம். இந்த வரம்புக்குள் இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம்.

நூறு சதவீத மெரினோதான் உயர்ந்தது என்று நினைக்க வேண்டாம். மெல்லிய மெரினோ இழை உராய்வைத் தாங்காது; குதிகாலில் ஒரே பருவத்தில் ஓட்டை விழும். நைலான்தான் அதற்கு முதுகெலும்பு. எலாஸ்டேன் இல்லாவிட்டால் மதியத்துக்குள் சாக்ஸ் தொளதொளத்து கணுக்காலில் சுருண்டுகொள்ளும்.

கம்பளி ஒத்துக்கொள்ளாதவர்களுக்குப் பாலியெஸ்டர், நைலான், பாலிப்ரொப்பிலீன் கலந்த செயற்கை இழை சாக்ஸ் இருக்கிறது. வேகமாகக் காயும், உழைக்கும். நாற்றம்தான் அதன் பலவீனம்: முதல் நாள் மாலையே தெரிந்துவிடும்.

கம்பளி அரிக்காதா?

அரிப்பது இழையின் தடிமனைப் பொறுத்தது. தடித்த இழையின் முனை வளையாமல் தோலைக் குத்துகிறது. 30 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அளவுக்குப் போனால் பெரும்பாலோருக்கு உறுத்தும். சாக்ஸுக்குப் பயன்படும் மெரினோ பெரும்பாலும் 20 மைக்ரானை ஒட்டியே இருக்கும். அதன் முனை தோலில் பட்டதும் மடங்கிவிடும். வாங்குவதற்கு முன் முழங்கையின் உட்புறத்தில் அரை நிமிடம் தேய்த்துப் பாருங்கள், போதும்.

அளவு இரண்டு எண்களுக்கு நடுவில் வருகிறது. எதை எடுப்பது?

சிறியதை. சாக்ஸ் ஐரோப்பியக் காலணி எண்ணில் 39 முதல் 42, 43 முதல் 46 என்று நான்கு எண்ணுக்கு ஒன்றாக வரும். பெரியதை எடுத்தால் மிஞ்சும் துணி விரல்களுக்கு அடியிலோ குதிகாலுக்கு மேலோதான் சேரும். அங்கே அரை மில்லிமீட்டர் மடிப்புகூட ஒரு மணி நேரத்தில் கூழாங்கல் மாதிரி உறுத்தும்.

ஆனால் சிறியது என்பதற்காக விரல்களைப் பின்னோக்கி இழுக்கக் கூடாது. போட்டுக்கொண்டு விரல்களை விரித்துப் பாருங்கள். தடையில்லாமல் விரிய வேண்டும். சாக்ஸில் குதிகாலுக்கென்று பின்னிய குழிவு உங்கள் குதிகாலில் சரியாக உட்கார வேண்டும். அது கணுக்காலை நோக்கி ஏறியிருந்தால் பெரிது, உள்ளங்காலுக்கு இறங்கியிருந்தால் சிறிது.

பூட்ஸ் எண்ணோடு இதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். பனிச்சறுக்கு பூட்ஸ் மோண்டோபாயின்ட் முறையில் அளவிடப்படுகிறது, 26.5 என்றால் 26.5 சென்டிமீட்டர் பாதம். பெரும்பாலான பூட்ஸில் 26.0க்கும் 26.5க்கும் வெளி ஓடு ஒன்றுதான்.

சாக்ஸ் எவ்வளவு உயரம் வர வேண்டும்?

கெண்டைக்காலைத் தாண்டி, முழங்காலுக்குச் சற்றுக் கீழே. பூட்ஸின் மேல்விளிம்பு கெண்டைக்கால் நடுவில் முடிகிறது. சாக்ஸும் அங்கேயே முடிந்தால் அதன் விளிம்பு பூட்ஸுக்கு அடியில் சிக்கி தோலை அறுக்கும். மேல் பட்டை கெட்டியாகப் பிடிக்கட்டும், ஆனால் கழற்றிய பிறகு அரை மணி நேரம் ஆகியும் அழுத்தத் தடம் மறையவில்லை என்றால் அது உங்கள் காலுக்கு இறுக்கம்.

கணைக்கால் வலிக்கிறது. முன்பக்கம் மெத்தை வைத்த சாக்ஸ் வாங்கினால் சரியாகுமா?

கொஞ்சம் குறையும், காரணம் போகாது. முன்பக்க எலும்பு பூட்ஸின் நாக்கில் மோதுவதால் வருகிற வலி இது. மோதுவதற்கு இடைவெளி வேண்டும். பூட்ஸ் பெரிதாக இருப்பது, மேல் பக்கிள்களையும் பூட்ஸின் மேல்விளிம்பைச் சுற்றிக் கட்டும் அகலப் பட்டையையும் தளர்வாக விடுவது, உடலைப் பின்னால் சாய்த்தே ஓட்டுவது ஆகிய மூன்றும்தான் அந்த இடைவெளியை உண்டாக்குகின்றன. எலும்பு எப்போதும் நாக்கோடு ஒட்டியே இருந்தால் மோதல் இல்லை.

முதலில் மேல் இரண்டு பக்கிள்களை ஒரு படி கூட்டிப் பாருங்கள். அதன்பிறகும் உறுத்தினால் கணைக்கால் முன்புறம் மட்டும் 2, 3 மில்லிமீட்டர் மெத்தை உள்ள சாக்ஸ் உதவும். கால் முழுக்க, குறிப்பாகப் பாதத்துக்கு அடியிலும் புறங்காலிலும், மெத்தை வைத்தது வேண்டாம்.

இடது, வலது என்று குறித்த சாக்ஸ் தேவையா? தையல்?

குறி இருந்தால் நல்லது. விரல் பகுதியில் துணி மிஞ்சாது. தையல்தான் அதைவிட முக்கியம். சாக்ஸை உள்பக்கம் வெளியாகத் திருப்பி, விரல் மேல் ஓடும் தையலை நகத்தால் வருடிப் பாருங்கள். வரப்பு போலத் தட்டுப்பட்டால் வைத்துவிடுங்கள். தட்டையாக இணைத்த தையல் விரலுக்கே தெரியாது.

போடுவதில் என்ன முறை இருக்கிறது?

நிறைய இருக்கிறது. நல்ல சாக்ஸை வாங்கிக் கெடுப்பது பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான்.

அறையிலிருந்து கிளம்பும்போதே போட்டுக்கொள்ளாதீர்கள். வண்டியில் வரும்போதே வியர்த்து, பூட்ஸுக்குள் நுழையும்போது அது ஈரமாகியிருக்கும். வேறொரு சாக்ஸில் வந்து, பூட்ஸ் போடும் இடத்தில் காலைத் துடைத்து, மாற்றுங்கள். காலுக்குக் களிம்போ எண்ணெயோ தடவ வேண்டாம். தோல் ஊறி மென்மையானால் கொப்புளம் எளிதாக வரும். நகங்களை இரண்டு நாள் முன்பே வெட்டிவிடுங்கள். நீண்ட பெருவிரல் நகம் முன்சுவரில் இடித்து கறுத்துப்போகும்.

சாக்ஸை விரல் வரை சுருட்டிப் பிடித்து, விரலையும் குதிகாலையும் முதலில் பொருத்திவிட்டு, பிறகு மேலே ஏற்றுங்கள். கையால் உள்ளங்கால் முதல் முழங்கால் வரை ஒருமுறை நீவுங்கள். தெர்மல் பேன்ட் சாக்ஸுக்கு உள்ளேயும் போகக் கூடாது, பூட்ஸுக்குள்ளும் போகக் கூடாது. அதன் விளிம்பு பூட்ஸுக்கு மேலே நிற்க வேண்டும். முக்கால் நீள தெர்மல் பேன்ட் விற்பது இதற்காகத்தான். முழு நீளம்தான் இருக்கிறது என்றால் முழங்காலுக்குக் கீழே வரை மேலேற்றிவிடுங்கள். வெளி பேன்ட்டின் உட்புறம் பனி நுழையாமல் தடுக்க ரப்பர் பட்டை வைத்த ஒரு துணிச்சுற்று இருக்கும். அது பூட்ஸுக்கு வெளியே கவிய வேண்டும், உள்ளே அல்ல. பூட்ஸுக்குள் சாக்ஸும் காலும் தவிர வேறு எதுவும் இருக்கக் கூடாது.

காலை விட்டதும் குதிகாலைத் தரையில் நான்கைந்து முறை தட்டி பின்னால் உட்காரவைத்த பிறகு, பக்கிள்களைப் போடுங்கள். முதலில் கணுக்காலுக்கு மேலுள்ளவை, கடைசியில் விரல் பக்கம் உள்ளவை. விரல் பக்க பக்கிள் பூட்ஸின் வெளி ஓடு மூடும் அளவுக்கு இருந்தால் போதும், இறுக்க வேண்டியதில்லை.

எல்லாம் சரியாகச் செய்தும் விரல் குளிர்கிறதே?

வரிசையாகப் பாருங்கள். ஏறுபொறியில் உட்காரும்போது கீழ் பக்கிள்களைத் தளர்த்திப் பாருங்கள். ஐந்து நிமிடத்தில் சூடு திரும்பினால், பிரச்சினை அழுத்தம். திரும்பவில்லை என்றால் மதியம் சாக்ஸைக் கழற்றித் தொட்டுப் பாருங்கள். ஈரமாக இருந்தால் உலர்ந்த ஜோடிக்கு மாறுங்கள். லைனரும் ஈரமா என்று கை விட்டுப் பாருங்கள். முந்தின நாள் காயாத லைனருக்குள் எந்த சாக்ஸ் போட்டாலும் வீண். இரவில் லைனரை ஓட்டிலிருந்து உருவி அறை வெப்பத்தில் காயவையுங்கள். சூடேற்றியின் மேல் வைக்காதீர்கள், அதன் நுரை உருக்குலையும்.

கால் உலர்ந்தே இருக்கிறது, அழுத்தமும் இல்லை என்றால் தலை, கழுத்து, தொடை போதுமான அளவு மூடியிருக்கிறதா என்று பாருங்கள். உடலின் நடுப்பகுதி குளிர்ந்தால், அதைக் காக்க உடல் முதலில் கை கால் விரல்களுக்குப் போகும் ரத்தத்தைத்தான் குறைக்கும்.

விரல் வெளுத்து உணர்ச்சியே இல்லாமல் போனால் அன்றைய சறுக்கு முடிந்தது என்று உள்ளே போய்விடுங்கள். தேய்க்கக் கூடாது, நெருப்பருகே காட்டக் கூடாது. சூடு ஏறியும் உணர்ச்சி திரும்பவில்லை என்றாலோ கொப்புளித்தாலோ மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

சூடு தரும் பொட்டலங்கள், பேட்டரி சாக்ஸ்?

பொட்டலங்களில் இருப்பது இரும்புத்தூள். அது காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேரும்போது சூடாகிறது. இறுக மூடிய பூட்ஸுக்குள் காற்று குறைவு, ஆகவே சூடும் குறைவு. கூடவே விரலுக்கு இருக்கும் கொஞ்சம் இடத்தையும் அது பிடித்துக்கொள்ளும். கையுறைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பேட்டரி சாக்ஸ் உண்மையிலேயே வேலை செய்யும், குறிப்பாக இயல்பிலேயே விரலில் ரத்த ஓட்டம் குறைந்தவர்களுக்கு. கம்பிகள் விரல் பகுதியில் ஓடும், பேட்டரி மேல் பட்டையில் பூட்ஸுக்கு மேலே உட்காரும். கால் குளிர்ந்த பிறகு உச்சத்தில் வைப்பதைவிட, காலையிலிருந்தே மிகக் குறைந்த படியில் வைப்பது நல்லது, பேட்டரியும் நீடிக்கும். அதன் துணி கொஞ்சம் தடிமன் என்பதால் பூட்ஸை அதோடு போட்டுப் பார்த்தே பொருத்துங்கள். நீரிழிவால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதைப் போடக் கூடாது. சுடுவது தெரியாமலே தோல் வெந்துவிடும். விமானத்தில் போகும்போது கழற்றிய லித்தியம் பேட்டரிகளைக் கைப்பையில்தான் கொண்டுபோக வேண்டும்.

அழுத்தம் தரும் சாக்ஸ் நல்லதா?

கெண்டைக்காலில் லேசான அழுத்தம், 15 முதல் 20 மில்லிமீட்டர் பாதரசம் அளவு, சிலருக்குச் சோர்வு குறைந்ததுபோல் இருக்கும். நழுவவும் நழுவாது. ஆனால் கால் ஏற்கெனவே குளிர்கிறவர்களுக்குப் பாதப் பகுதியில் இறுக்கம் உள்ளதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை.

பழைய பூட்ஸ் தொளதொளத்துவிட்டது. தடித்த சாக்ஸ் போட்டு ஓட்டலாமா?

ஒரு நாள் சமாளிக்கலாம். லைனரின் நுரை பயன்படப் பயன்பட அமுங்கும். அதில் புதிதாக வரும் இடம் கணுக்காலைச் சுற்றியும் குதிகாலிலும்தான் அதிகம். தடித்த சாக்ஸோ கால் முழுக்க ஒரே அளவு தடிமன். தேவையில்லாத விரல் பகுதியை அடைத்துவிட்டு, தேவையான குதிகாலில் போதாமல் நிற்கும். பூட்ஸ் பொருத்துபவரிடம் கொடுத்து லைனருக்கு வெளியே கணுக்கால் குழியில் நுரைத் துண்டு ஒட்டச் சொல்லுங்கள், அல்லது நல்ல உள்ளங்கால் தாங்கி போடுங்கள்.

புதிதாக பூட்ஸ் வாங்கும்போதும், சரிபார்க்கக் கொடுக்கும்போதும், ஓட்டப்போகும் அதே சாக்ஸை எடுத்துப் போங்கள்.

குழந்தைகளுக்கு?

விதி ஒன்றேதான்: ஒரே ஒரு மெல்லிய ஜோடி, சரியான அளவு. அடுத்த வருடத்துக்கும் ஆகட்டும் என்று பெரிதாக வாங்குவது சட்டைக்குச் சரி, இதற்குச் சரியல்ல. "கால் வலிக்கிறது" என்று குழந்தை சொன்னால், சமாதானம் சொல்லாமல் பூட்ஸைக் கழற்றிப் பாருங்கள். பாதி நேரம் உள்ளே மடிப்போ தெர்மல் விளிம்போ சிக்கியிருக்கும்.

சமவெளிப் பனிச்சறுக்கு, ஏறிப்போகும் பனிச்சறுக்கு, ஸ்னோபோர்டு?

சமவெளியில் ஓடும் வகையில் பூட்ஸ் மிருதுவானது, கணுக்காலளவே உயரம். உடல் வெகுவாக வியர்க்கும். பூட்ஸுக்கு ஒரு சாண் மேலே வரும் மெல்லிய அல்லது நடுத்தர சாக்ஸ் போதும், வேகமாகக் காய்வதுதான் முக்கியம். மலை ஏறி இறங்கும் வகையில் குதிகால் கொப்புளம்தான் எதிரி. ஒவ்வொரு அடியிலும் குதிகால் உராயும், ஈரத்தோல் இன்னும் அதிகம் உராயும். மெல்லிய, இறுக்கமான சாக்ஸ் போட்டு, கிளம்பும் முன்பே குதிகாலில் பிளாஸ்திரி ஒட்டிவிடுங்கள். எரியத் தொடங்கிய பிறகு ஒட்டினால் பயன் பாதிதான். ஸ்னோபோர்டு பூட்ஸ் வளைந்து கொடுக்கும் என்பதால் நடுத்தரக் கனம் தாங்கும்.

ஒரு வாரப் பயணத்துக்கு எத்தனை ஜோடி?

மெரினோ என்றால் மூன்று. ஒன்று காலில், ஒன்று கொடியில், ஒன்று பையில் உலர்ந்தபடி. செயற்கை இழை என்றால் தினம் அலச வேண்டியிருக்கும், இல்லாவிட்டால் அறையில் இருப்பவர்கள் சொல்வார்கள். வாடகை பூட்ஸ் எடுப்பவர்கள் இரண்டு கனங்களில் ஒவ்வொன்று வைத்துக்கொள்வது நல்லது. பலர் போட்டு அமுங்கிய லைனர் எப்படி இருக்கும் என்று முன்கூட்டித் தெரியாது.

எப்படித் துவைப்பது?

உள்பக்கம் வெளியாகத் திருப்பி, 30 டிகிரி நீரில், கம்பளிக்கான சுழற்சியில். கம்பளி இழையின் மேல் மீன் செதில் போன்ற அடுக்கு இருக்கிறது. சூடும் அலசலும் சேர்ந்தால் செதில்கள் ஒன்றோடொன்று மாட்டிக்கொண்டு சாக்ஸ் சுருங்கிக் கட்டியாகிவிடும். இயந்திரத்தில் துவைக்கலாம் என்று குறித்தவற்றில் அந்தச் செதில் மழுங்கடிக்கப்பட்டிருக்கும். அப்போதும் வெந்நீர் வேண்டாம். துணியை மென்மையாக்கும் திரவம் இழைமேல் படலமாகப் படிந்து ஈரம் உறிஞ்சுவதைக் கெடுக்கும், பிளீச் கம்பளியையே கரைக்கும். முறுக்கிப் பிழியாமல் துண்டில் சுற்றி அழுத்தி, நிழலில் காயவையுங்கள். பருவம் முடிந்து எடுத்துவைக்கும்போது கட்டாயம் துவைத்து, முழுக்கக் காய்ந்த பிறகு, மூடிய பையில் வையுங்கள். அந்துப்பூச்சிப் புழுவுக்கு வியர்வை படிந்த கம்பளி விருந்து.

எப்போது தூக்கிப் போடலாம்?

உள்ளே கையை விட்டு குதிகாலையும் முன்பாதத்தையும் வெளிச்சத்துக்கு நேராகப் பிடியுங்கள். கம்பளி தேய்ந்து நைலான் வலை மட்டும் தெரிந்தால் அதன் காலம் முடிந்தது. மேல் பட்டை பிடிமானம் இழந்து நாளில் இரண்டு முறை இழுத்துவிட வேண்டியிருந்தாலும் அப்படியே. ஓட்டையைத் தைத்துப் போடாதீர்கள், தையல் முடிச்சு பூட்ஸுக்குள் முள்ளாகக் குத்தும். வீட்டில் போட்டுக்கொள்ள அது தாராளமாக ஆகும்.